நுண்ணலையை விழுங்கும் காந்த உலோகத் துகள்கள்

கண்ணாடியில் பட்ட ஒளி திரும்பி வருகிறது. அடுப்புக்கரி படிந்த சுவரில் பட்ட ஒளி அங்கேயே ஒடுங்கிவிடுகிறது. ஒடுங்கிய ஒளி அழிந்துபோவதில்லை; வெப்பமாக மாறிச் சுவரிலேயே தங்குகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்குள்ள இவ்வியல்பு, புலனாகாத நுண்ணலைக்கும் உண்டு. நுண்ணலைக்குக் கண்ணாடியாக அமைவது உலோகத் தகடு. நுண்ணலைக்குக் கரியாக அமைவது எது? அக்கரியை ஆய்வுக்கூடத்தில் ஆக்குவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையில் யாம் மேற்கொண்ட பணி. விடையில் ஒரு முரண் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நுண்ணலையைத் திருப்பியடிக்கும் அதே இரும்பையும் நிக்கலையும் கோபால்ட்டையும் போதிய அளவுக்குப் பொடியாக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு மெழுகிலோ பிசினிலோ இரப்பரிலோ கலந்துவிட்டால், அவை நுண்ணலையை விழுங்கத் தொடங்குகின்றன.

சொற்களைப் பற்றிச் சில சொற்கள்

தமிழ்த்துறையின் மலரில் இக்கட்டுரை இடம்பெறுவதால், பொருளுக்குள் புகுமுன் சொல்லைச் சற்று நோக்குதல் தகும். நுண்ணலை என்று நாம் வழங்குவது உண்மையில் நுண்ணியதன்று. 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட மின்காந்த அலைகளையே அப்பெயரால் குறிக்கின்றனர். அவற்றின் அலைநீளம் ஒரு மீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. சமையலறை நுண்ணலை அடுப்பின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ்; அதன் அலைநீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி, அஃதாவது அரைச் சாண். பழைய வானொலி அலைகளோடு ஒப்பிட்டே இதனை நுண்ணியது என்றனர். நானோ என்பதோ கிரேக்க மொழியில் குள்ளனைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தமிழில் மீநுண் என்று சிலர் வழங்குகின்றனர். நானோ என்றே எழுதுவாரும் உளர். இரண்டிலும் 'நுண்' வருவதால், அலையும் துகளும் ஏறத்தாழ ஒரே அளவின என்று மாணவர் மயங்கக்கூடும். 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 சென்டிமீட்டர். அதன் வழியில் நிற்கும் துகளின் குறுக்களவு 50 நானோமீட்டர் எனின், அலை துகளைப்போல் 6 இலட்சம் மடங்கு பெரிது. ஆகவே அலை தனித்தனித் துகளைக் காண்பதில்லை. துகளும் மெழுகும் சேர்ந்த ஒரே ஊடகத்தையே காண்கிறது. இக்கருத்துப் பின்னரும் தேவைப்படும்.

உறிஞ்சுதல் என்னும் சொல்லும் இங்கு முற்றும் பொருந்தாது. பஞ்சு உறிஞ்சிய நீர் பஞ்சினுள்ளும் நீராகவே இருக்கிறது, பிழிந்தால் வெளிவரும். நுண்ணலை அவ்வாறன்று. உள்ளே புகுந்தபின் அலையாக இராது வெப்பமாகிவிடுகிறது. எனவே பாடநூல்களில் ஆளப்பெறும் உட்கவர்தல் என்பதையே யாமும் கொள்கிறோம். தலைப்பில் விழுங்குதல் என்றது ஓர் உருவகம். அவ்வுருவகம் பயனுடையது. விழுங்குவதற்கு வாய் திறந்திருக்க வேண்டும். விழுங்கியது செரிக்கவும் வேண்டும். நுண்ணலை உட்கவர் பொருளுக்கும் இவ்விரண்டே இலக்கணம்.

போரில் பிறந்த தேவை

ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1887-88ஆம் ஆண்டுகளில் மின்காந்த அலைகளை ஆக்கிக் காட்டினார். அவை உலோகத் தகட்டில் பட்டு எதிரொளிப்பதையும் அவரே மெய்ப்பித்தார். நம் நாட்டில் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் 1890களில், 5 மில்லிமீட்டர் அளவு குறுகிய அலைகளைக் கொண்டு சோதனைகள் நிகழ்த்தினார். உலகில் மிகச் சிலரே அத்துணைக் குறுகிய அலைகளைக் கையாண்ட காலம் அது. எனினும் அலையை விழுங்கும் பொருளை நாடு நாடாகத் தேடவைத்தது அறிவு வேட்கையன்று. ரேடார் என்னும் போர்க்கருவியே.

இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்கு மேலே ஒரு மூச்சுக் குழாயை மட்டும் நீட்டி ஓடின. நேசநாட்டு வானூர்திகளின் ரேடார் அச்சிறு குழாயையும் கண்டுகொண்டது. அதனைத் தவிர்க்கக் குழாயின்மேல் உட்கவர் பூச்சுகளை ஒட்டினர். அவற்றுள் ஒருவகை, இரும்புப் பொடி கலந்த இரப்பர். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வின்ஃபீல்டு சாலிஸ்பரி வேறொரு வழியைக் கண்டார். உலோகத் தகட்டுக்கு முன்னே கால் அலைநீளத் தொலைவில் மின்தடையுள்ள மெல்லிய திரையொன்றை நிறுத்துவது அவ்வழி. அவருடைய பெயராலேயே அத்திரை இன்றும் வழங்குகிறது.

அந்த இரும்புப் பொடிக்குப் பழைய வரலாறு உண்டு. லுட்விக் மோண்டு என்பார் 1890இல் நிக்கல், கார்பன் மோனாக்சைடு வளியோடு கூடி ஆவியாகும் சேர்மமொன்றைத் தருவதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே இரும்பும் அவ்வாறு கூடுவது தெரியவந்தது. இரும்புப் பென்டாகார்பனைல் எனப்படும் அந்த மஞ்சள் நீர்மம் 103 பாகை செல்சியசில் கொதிக்கும். அதன் ஆவியைச் சூடான குழாயினுள் செலுத்தினால் அது சிதைந்து, சில மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையான இரும்புத் துகள்களாகப் பொழியும். ஜெர்மானிய பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் 1920களில் இதனைத் தொழிலாக்கியது. துகளை வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல் அடுக்கடுக்கான தோல்கள் தெரியும். முதலில் தொலைபேசிச் சுருளுக்கும் வானொலிச் சுருளுக்கும் உள்ளகமாகப் பயன்பட்ட இப்பொடியே, பின்னர் உட்கவர் பூச்சுகளின் முதன்மைச் சரக்காயிற்று. இன்றளவும் அதன் இடத்தை எதுவும் முற்றாகப் பறித்துவிடவில்லை. புதியன பல வந்தும் பழையது நிலைபெற்றிருப்பதன் காரணம், விலை குறைவும் ஆக்க எளிமையுமே.

வாய் திறத்தல்

வெட்டவெளியில் செல்லும் அலைக்கு ஒரு மின்மறிப்பு உண்டு. அதன் அளவு 377 ஓம். அலை ஒரு பொருளின் முகப்பை அடையும்போது, அப்பொருளின் மின்மறிப்பும் அதே அளவினதாயின் தடையின்றி உள்ளே புகும். வேறுபட்டால் வேறுபாட்டுக்கு ஏற்பத் திரும்பும். தூய உலோகத்தின் மின்மறிப்பு ஏறத்தாழச் சுழி. ஆகவே வாய் முற்றிலும் மூடியிருக்கிறது.

ஒரு பொருளின் மின்மறிப்பைத் தீர்மானிப்பன இரண்டு. ஒன்று மின்புலத்துக்கு அது காட்டும் இசைவு. இதனை விடுதிறன் என்பர். மற்றொன்று காந்தப்புலத்துக்குக் காட்டும் இசைவு. இதனை உட்புகுதிறன் என்பர். உட்புகுதிறனை விடுதிறனால் வகுத்து வர்க்கமூலம் காண்க. விடை ஒன்றுக்கு அருகில் இருந்தால் வாய் திறந்திருக்கிறது என்று பொருள். கரி, புகைக்கரி, கடத்தும் பிசின் முதலிய காந்தமற்ற பொருள்களில் உட்புகுதிறன் எப்போதும் ஒன்றே, விடுதிறனோ பெரிது. விடுதிறன் 9 எனக் கொண்டால் விடை மூன்றில் ஒன்று. உட்புகுதிறன் ஒன்றரை ஆயினும் விடை 0.41 ஆக உயர்கிறது. காந்தப் பொருளை நாடுவதன் முதற்காரணம் இதுவே.

இரண்டாம் காரணம் கனம். உலோகத் தகட்டின்மேல் பூசப்பெறும் பூச்சின் கனம், பொருளினுள் அலைநீளத்தில் கால் பங்காயிருப்பின், முகப்பில் திரும்பும் அலையும் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிராய் அமைந்து ஒன்றையொன்று அணைக்கும். 10 கிகாஹெர்ட்சில் வெற்றிடக் கால் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர். விடுதிறன் 9, உட்புகுதிறன் 1 எனில் பூச்சின் கனம் 2.5 மில்லிமீட்டர். உட்புகுதிறன் 1.5 எனில் அது 2 மில்லிமீட்டரே. அரை மில்லிமீட்டர் மிச்சம் என்பது கேட்பதற்குச் சிறிது. ஆயின் இரும்பு கலந்த பூச்சை வானூர்தியின் உடல் முழுதும் பூசுவோர்க்கு அது எத்தனை எடை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செரித்தல்

காந்த உலோகத்தினுள் ஒவ்வோர் எலக்ட்ரானின் காந்தத் திருப்பமும் ஒரு பம்பரம் போன்றது. சாய்ந்து சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதை நாம் கண்டிருக்கிறோம். காந்தத் திருப்பமும் பொருளுக்குள் இயல்பாக அமைந்த ஒரு திசைப் புலத்தைச் சுற்றி அவ்வாறே வட்டமிடுகிறது. ஒரு டெஸ்லா புலத்துக்கு அதன் வேகம் நொடிக்கு 28 கிகா சுற்று. வரும் அலையின் அதிர்வெண் இவ்வேகத்தோடு ஒத்துப்போகும்போது பம்பரம் அலையின் ஆற்றலை வாங்கிக்கொண்டு, சுற்றியுள்ள அணுக்களுக்கு வெப்பமாகப் பங்கிடுகிறது. இதனை இயல்பு ஒத்ததிர்வு என்பர். சாதாரண இரும்பின் உள்ளமைந்த புலம் ஏறத்தாழ 0.05 டெஸ்லா. ஆகவே அதன் ஒத்ததிர்வு ஒன்றரை கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே நிகழ்ந்துவிடும். துகளை ஊசிபோல் நீட்டினாலும் தகடுபோல் தட்டையாக்கினாலும், வடிவமே ஒரு புலத்தைக் கூட்டி ஒத்ததிர்வை மேலே நகர்த்துகிறது. உருவம் இயல்பை மாற்றும் இந்நிலையே பொருளாக்குவோர் கையில் உள்ள வலிய கருவி.

இங்குக் குறுக்கே நிற்கிறது ஸ்நூக் எல்லை. நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்நூக், ஃபெரைட்டு எனப்படும் காந்த ஆக்சைடுகளை ஆய்ந்து 1948இல் ஒரு விதியை வெளியிட்டார். உட்புகுதிறனை உயர்த்தினால் ஒத்ததிர்வு அதிர்வெண் தாழும். அதிர்வெண்ணை உயர்த்தினால் உட்புகுதிறன் தாழும். இவ்விரண்டின் பெருக்கற்பலன், அப்பொருளின் தெவிட்டுநிலைக் காந்தமாக்கத்தால் கட்டுண்டது. ஃபெரைட்டுகளின் தெவிட்டுநிலை அரை டெஸ்லாவைச் சுற்றியே நிற்பது. இரும்பினது 2.15 டெஸ்லா, கோபால்ட்டினது ஏறத்தாழ 1.8, நிக்கலினது 0.6. இரும்பும் கோபால்ட்டும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றாய்க் கூடிய கலவை 2.4 டெஸ்லாவை எட்டுகிறது. வழக்கமான கலவைகளுள் இதுவே உச்சம். ஆகவே கிகாஹெர்ட்ஸ் எல்லையில் ஃபெரைட்டு ஓய்ந்துவிடும் இடத்தில் உலோகம் உழைக்கும். தொலைக்காட்சி அலை அளவிலான தாழ்ந்த அதிர்வெண்களில் ஃபெரைட்டு ஓடுகளே இன்றும் சிறந்தவை. எதிரொலியற்ற சோதனை அறைகளின் சுவர்களில் அவற்றைப் பதித்திருப்பர். எனவே ஃபெரைட்டைக் குறைத்து மதிப்பிடுவது எம் நோக்கமன்று.

பொடியாக்குவது ஏன் என்பதற்கும் இங்கே விடை உண்டு. மாறும் காந்தப்புலம் கடத்தியினுள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டும். அவ்வோட்டங்கள் புலத்தை வெளியே தள்ளும். 10 கிகாஹெர்ட்சில் இரும்பினுள் புலம் ஊடுருவும் ஆழம் ஒரு மைக்ரோமீட்டர் அளவே. அதனினும் பெரிய துகளின் நடுப்பகுதி அலையை அறியாமலேயே கிடக்கும். எடையைக் கூட்டுவதன்றி அதனால் பயனில்லை. துகளை அவ்வாழத்தினும் மிகச் சிறிதாக்கினால் ஒவ்வோர் அணுவும் வேலை செய்யும். மீநுண் உலோகத்தை நாடுவதன் நியாயம் இதுவே; புதுமை மோகமன்று.

ஆக்கும் வழிகள்

இரும்புத் துகளை எஃகு உருண்டைகளோடு உருளையிலிட்டுப் பல மணி நேரம் சுழற்றுவது ஒரு வழி. உருண்டைகளுக்கிடையே நசுங்கிய துகள் அவல்போல் தட்டையாகிறது. அத்தட்டை வடிவம் உருண்டைத் துகளின் ஸ்நூக் எல்லையைத் தாண்ட உதவுவதால், இம்முரட்டு முறையைத் தள்ளிவிட இயலாது. மின்கருவிகளின் இரைச்சலை அடக்கும் மெல்லிய காந்தத் தாள்களில் இத்தகைய தட்டைத் துகள்களே நிரம்பியுள்ளன. பெரும்பாலும் கனம் ஒரு மைக்ரோமீட்டர் அளவினதாக, அகலம் பன்மடங்காக இருக்கும்.

இன்னொரு வழியை ஒலிநாடா யுகமே பழக்கிவிட்டது. ஊசி வடிவான இரும்பு ஆக்சி ஹைட்ராக்சைடை முதலில் வீழ்படிவாக்கி, அதனைச் சூடான ஹைட்ரஜன் வளியில் ஒடுக்கினால், ஆக்சிஜன் நீராவியாக நீங்கி, ஊசி வடிவு சிதையாமல் உலோக இரும்பு எஞ்சும். உலோகத் துகள் நாடாக்கள் இம்முறையில் எழுந்தவையே.

உப்புக் கரைசலிலிருந்து நேரே உலோகத்தைப் பெறுவதும் உண்டு. இரும்பு உப்பின் கரைசலில் சோடியம் போரோஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் நொடியில் கறுத்துவிடும். வேகம் இதன் சிறப்பு. அதுவே இதன் குறையுமாகும். துகள்கள் முறைப்பட வளர நேரமின்றிச் சங்கிலிகளாக ஒட்டிக்கொள்கின்றன. போரானும் கொஞ்சம் உள்ளே சிக்குகிறது. நிக்கலுக்கு ஹைட்ரசீன் ஏற்றது. காரக் கரைசலில் நிக்கல் அயனிகளை அது உலோகமாக்கி, தான் நைட்ரஜனாக வெளியேறிவிடும். கழிவாக அழுக்கு எதுவும் துகளில் தங்காது. ஆயின் ஹைட்ரசீன் கடும் நஞ்சு.

யாம் விரிவாகக் கூற விரும்புவது பாலியால் முறையை. பிரான்சு நாட்டின் ஃபியேவே, லாஜியே, ஃபிக்லார்ஸ் ஆகியோர் இதனை முறைப்படுத்தி 1980களில் எழுதினர். எத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மம் 197 பாகையில் கொதிக்கும். ஊர்திகளின் குளிர்விப்பு நீரில் கலக்கப்படுவதும் இதுவே. நிக்கல் அல்லது கோபால்ட்டின் அசிட்டேட்டை இதிலிட்டு, சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, ஆவி குளிர்ந்து மீளும் குடுவையில் கொதிக்கவைக்கின்றனர். கரைப்பானே ஒடுக்கும் பொருளாகவும் அமைவது இதன் நுட்பம். முதலில் உலோக உப்பு ஓர் இடைநிலைத் திண்மமாகப் படிகிறது. அத்திண்மம் ஒரு சேமக்கலம் போன்றது. மெல்ல மெல்லக் கரைந்து உலோக அயனிகளைக் கரைசலுக்கு ஈந்துகொண்டே இருக்கிறது. கிளைக்கால் அவற்றைச் சிறுகச் சிறுக உலோகமாக்குகிறது. ஒரேயடியாக வெள்ளம் புகாமல் மடை திறந்து பாய்வதால் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவின உருண்டைகளாக விளைகின்றன.

அளவை எவ்வாறு கட்டுப்படுத்துவது? கற்கண்டு செய்வோர் அறிந்த உண்மை இங்கும் பயன்படுகிறது. பாகில் தொங்கும் நூல் ஒன்றாயின், சர்க்கரை முழுதும் அதன்மேல் படிந்து பெருங்கட்டிகளாகும். நூல் நூறாயின் சர்க்கரை பங்கிடப்பட்டுக் கட்டிகள் சிறுக்கும். பாலியால் முறையில் பிளாட்டினம் அல்லது வெள்ளியின் உப்பைத் துளியளவு சேர்க்கின்றனர். அது முந்திக்கொண்டு உலோகமாகி எண்ணற்ற விதைகளைத் தருகிறது. நிக்கலும் கோபால்ட்டும் அவ்விதைகளின்மேல் வளர்கின்றன. விதை மிகுந்தால் துகள் சிறுக்கும். இவ்வாறு மைக்ரோமீட்டர் அளவிலிருந்து சில பத்து நானோமீட்டர் அளவுவரை விரும்பியதைப் பெறலாம். இரும்பு மட்டும் எளிதில் வசப்படுவதில்லை. கிளைக்கால் அதனை ஒடுக்க வல்லதன்று. ஈரிணைதிற இரும்பு அயனிகளில் ஒரு பங்கு உலோகமாகவும், மற்றொரு பங்கு மூவிணைதிற அயனியாகவும் தாமே பிரிந்தால்தான் இரும்பு கிட்டும். இட்ட இரும்பு அனைத்தும் உலோகமாகாமைக்கு இதுவே காரணம்.

இத்துகள்களை அளந்தபோது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. பெரிய துகளில் ஒரே அகன்ற மேடாக இருந்த உட்கவர்வு, சிறிய துகளில் பல குறுகிய முகடுகளாகப் பிரிந்தது. அமிகாம் அஹரோனி என்னும் இயற்பியலறிஞர் 1991இல் மீநுண் உருண்டைக்குக் கணித்திருந்த பரிமாற்ற ஒத்ததிர்வுகளே அவை என்று ஆய்வாளர் விளக்கினர். எல்லாப் பம்பரங்களும் ஒரே தாளத்தில் சுழலாமல், உருண்டையின் நடுவும் விளிம்பும் வெவ்வேறு சாய்வில் ஆடுகின்றன. அவ்வாட்டத்தின் அதிர்வெண் துகளின் ஆரத்தைப் பொறுத்தது. அளவை மாற்றி அதிர்வெண்ணைத் தேர்ந்துகொள்ளும் வாயில் இதனால் திறந்தது.

சிறிதினும் சிறிது நன்றா?

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்புக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை 50 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக அறுத்தால் எண்பது கோடி கோடித் துண்டுகள் கிட்டும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 120 சதுர மீட்டர். ஏறத்தாழ 1,300 சதுர அடி. நடுத்தரமான ஒரு வீட்டின் தரை முழுதும் அச்சிறு கட்டிக்குள் மடிந்திருந்தது எனலாம். இத்தனை பரப்பும் ஒரே கணத்தில் காற்றைச் சந்தித்தால் என்னாகும்? பொடி தானே தீப்பற்றிச் செந்தணலாகும். ஆதலால் ஆர்கான் வளியில் வைத்துச் சிறிதளவே ஆக்சிஜன் கலந்து, மெல்ல மெல்ல ஓர் ஆக்சைடுத் தோலை வளரவிட்டபின்னரே துகளை வெளியே எடுப்பர்.

அத்தோலுக்கும் விலை கொடுக்க வேண்டும். துகளின் வெளிப்புற 3 நானோமீட்டர் ஆக்சைடாகிறது என்று கொள்வோம். 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையில் 22 நானோமீட்டர் ஆரமுள்ள உலோகக் கரு எஞ்சும். கனஅளவில் இது நூற்றுக்கு 68. அதே தோல் 10 நானோமீட்டர் உருண்டையில் படிந்தால் கருவின் ஆரம் 2 நானோமீட்டர். எஞ்சும் உலோகம் நூற்றுக்கு 6 மட்டுமே. உலோகம் என்று பெயரிட்டு நாம் பூசுவது துருவைத்தான் என்றாகிவிடும். மேலும் அத்துணைச் சிறிய கருவில் வெப்ப ஆட்டமே காந்தத் திசையைப் புரட்டிவிடும். மீநுண் என்றாலே மேன்மை என்று கருதுவார் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம். ஊடுருவு ஆழத்தினும் சிறிதாகவும் துருத்தோலினும் மிகப் பெரிதாகவும் இருக்கும் இடைப்பட்ட அளவே தக்கது என்பது எம் கருத்து.

தோலுக்கு மாற்றாகக் கரியுறை உண்டு. சீன ஆய்வாளர்கள் மீத்தேன் வளியில் மின்வில்லை எழுப்பி நிக்கலை ஆவியாக்கினர். குளிரும் ஆவி மீநுண் நிக்கலாகத் திரளும்போதே, மீத்தேனிலிருந்து பிரிந்த கரி அதன்மேல் சில அடுக்குகளாகப் போர்த்துக்கொண்டது. 2006இல் வெளியான அவ்வாய்வில், 2 மில்லிமீட்டர் கனத்துக்கு 13 கிகாஹெர்ட்ஸ் அருகே எதிரொளிப்பு இழப்பு 32 டெசிபெல் எனக் கண்டனர். உறை துருவைத் தடுக்கிறது; துகளைத் துகளிலிருந்து பிரித்துச் சுழல் மின்னோட்டத்தை அடக்குகிறது; தானும் மின்புல வழியில் சிறிது செரிக்கிறது.

எண்களை எடைபோடுதல்

10 டெசிபெல் இழப்பு என்றால் வந்த ஆற்றலில் பத்தில் ஒன்று திரும்பியது. 20 என்றால் நூறில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. அறுபது, எழுபது டெசிபெல் என்று முழங்கும் கட்டுரைகள் இன்று பல. அவற்றை நோக்கி ஒரு வினா எழுப்புதல் மாணவர் கடன். அவ்வெண் அளந்ததா, கணித்ததா? வழக்கமாகத் துகளை மெழுகோடு கலந்து, வெளிக்குறுக்களவு 7 மில்லிமீட்டரும் உட்குறுக்களவு 3 மில்லிமீட்டருமான சிறு வளையமாக அழுத்துவர். அதன் விடுதிறனையும் உட்புகுதிறனையும் அளந்து, பூச்சின் கனத்தைத் தாளில் மாற்றிமாற்றிக் கணித்து, மிகச் சிறந்த எண்ணை எடுத்து வெளியிடுவர். கனத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் அந்த உச்சம் சரிந்துவிடும். ஒரு சாண் சதுரத் தகட்டில் உண்மையாகவே பூசி, உண்மையாகவே அலையை ஏவி அளந்த 15 டெசிபெல், தாளில் கண்ட 60 டெசிபெல்லினும் மதிப்பு மிக்கது. அளந்தறியாத கூற்றை ஏற்கலாகாது என்று பத்து நூற்றாண்டுகளுக்கு முன் ஒளியியலைச் சோதனை வழி நிறுத்திய இப்னுல் ஹைஸம் அவர்களின் மரபை மதிக்கும் நாம், இவ்வினாவைக் கேட்கத் தயங்கலாகாது.

போர்க்கப்பலுக்கென எழுந்த இப்பொருள் இன்று பெரும்பாலும் குடிமக்கள் பயன்பாட்டுக்கே உழைக்கிறது. கைப்பேசியின் மின்சுற்றுகள் ஒன்றையொன்று குழப்பாதிருக்கவும், கருவிகளின் கதிர்வீச்சைச் சோதிக்கும் அறைகளில் எதிரொலி எழாதிருக்கவும், மருத்துவமனைக் கருவிகள் வெளியலையால் பிழைபடாதிருக்கவும் இவை வேண்டப்படுகின்றன. நம் நாட்டில் 2022 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்கு 3.3 கிகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைவரிசையும் 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் ஒதுக்கப்பெற்றன. அலைகள் பெருகப்பெருக அவற்றுக்கு வேலியும் வேண்டியதாகிறது. திருக்குர்ஆனின் 57ஆவது அத்தியாயம் இரும்பின் பெயரையே தாங்கியது. இரும்பின் கடுமையையும் மக்களுக்கு அதனாலாகும் பயன்களையும் சேர்த்தே அது நினைவூட்டுகிறது. அதில் மீநுண் அறிவியலைத் தேடிப் பொருள் உரைக்க யாம் முனையவில்லை. கடுமையும் பயனும் ஒரே உலோகத்தில் உறைவதை இத்துறையின் வரலாறும் காட்டுகிறது என்ற அளவே சொல்ல வந்தது.

கல்லூரியில் செய்யத்தக்கது

இரும்புப் பென்டாகார்பனைலும் மீநுண் இரும்பும் கல்லூரிக் கூடத்துக்கு உரியன அல்ல. முன்னது நச்சு, பின்னது நெருப்பு. ஆயின் வேதியியல் துறையில் ஆவி மீளும் குடுவையும் புகைபோக்கி அடைப்பும் உள்ள கூடத்தில், ஆசிரியர் உடனிருக்க, பாலியால் வழியில் நிக்கலை ஆக்குதல் இயலும். நிக்கல் உப்பும் உடல்நலத்துக்குத் தீங்கானது. கையுறையும் முகக்கவசமும் இன்றித் தொடலாகாது. குடுவையின் பச்சை நிறம் மங்கிக் கருமை படரும். வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் கருமை முழுதும் அப்பக்கம் திரளும். சாராயத்தில் கழுவி உலர்த்திய பொடியை உருகிய மெழுகில் கலக்கலாம்.

முதுகலை இயற்பியல் கூடங்கள் பலவற்றில் 10 கிகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலை மேசை உண்டு. அதன் அலைவழிக் குழாயின் உட்புறம் 22.86 மில்லிமீட்டருக்கு 10.16 மில்லிமீட்டர். அவ்வளவில் மெழுகுக் கட்டியை வார்த்து, குழாயின் கோடியில் மூடுதகட்டை ஒட்டி வைத்து, பிளவுக் குழாயில் நகரும் ஆய்கோலால் நிலையலைத் தகவை அளக்க வேண்டும். மூடுதகடு மட்டும் இருக்கும்போது தகவு மிகப் பெரிது. நிக்கல் கலவாத வெறும் மெழுகை வைத்தாலும் பெரிதும் மாறாது. ஒப்பீட்டுக்காக இதனை முதலில் அளத்தல் இன்றியமையாதது. நிக்கல் மெழுகை வைத்தபின் தகவு 2 ஆகக் குறையின், திரும்பும் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு, 1.22 ஆகக் குறையின் நூறில் ஒரு பங்கு. குழாயினுள் அலையின் மின்மறிப்பு வெட்டவெளியினின்று வேறுபடுவதால், இங்குப் பெறும் எண்ணைத் திறந்த வெளிக்கு அப்படியே கொள்ளலாகாது. கட்டியின் கனத்தை 1, 2, 3, 4 மில்லிமீட்டர் என மாற்றி மாற்றி அளந்தால், எக்கனத்தில் தகவு மிகத் தாழ்கிறது என்பது வரைபடத்தில் தானே தெரியும்.